கோவில் பூவும் செல்போன் காசும்

செஞ்சிப் பக்கம் ஒரு கூட்டத்திற்குப் போயிருந்தபோது, அனந்தபுரத்தில் நமது தோழர் ஒருவர் வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. அங்கு கண்ட ஒரு சங்கதியைப் பற்றியே இவ்வாரம் எழுத வேண்டியவர்களாயிருக்கின்றோம். ஊர்ப் பெயரைச் சொல்லுகின்றோமே தவிர ஆள் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏனெனில் இது ஒரு வீட்டில் மாத்திரம் நடக்கின்ற காரியமல்ல. வாசகர்களில் பலர் இது தங்கள் வீட்டுக் கதையோ என்று நினைத்துக்கொள்ளக் கூடும், நினைத்துக்கொள்ளட்டும்.

மேற்படி தோழருக்குத் தங்கை ஒருத்தி. வயது பதினெட்டு முடிந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, விழுப்புரத்தில் நர்சு படிப்புக்கு இடமும் கிடைத்திருக்கின்றது. அதே சமயத்தில் தாய்மாமன் வீட்டிலிருந்து பெண் கேட்டும் வந்திருக்கின்றார்கள். படிக்க வைப்பதா, கட்டிக் கொடுப்பதா என்று வீட்டில் பத்து நாளாக வாக்குவாதம். தகப்பனார் ஒரு பக்கம், தாயார் ஒரு பக்கம். கடைசியில் பெரியவர்கள் கூடி, அம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். வெள்ளைப் பூ வந்தால் படிப்பு, சிவப்புப் பூ வந்தால் கலியாணம். இரண்டையும் தனித்தனியே காகிதத்தில் மடித்து, அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு, நாலு வயதுக் குழந்தையொன்றை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது. ஆத்தாளே உத்தரவு கொடுத்துவிட்டாள், இனி என்ன பேச்சு என்று எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

இதுவரையில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. நாட்டில் தினந்தோறும் நடப்பதுதான். ஆனால் நமது தோழரோ கோவிலுக்குப் போகாதவர். கருப்புச் சட்டை போடுகின்றவர். நமது கூட்டங்களுக்கு நாற்காலி தூக்கிப் போடுகின்றவர். அவர் என்ன செய்தார்? பூவுக்கு என்ன தெரியும், நான் விஞ்ஞான முறைப்படி பார்க்கின்றேன் என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, அதில் காசு சுண்டுகின்ற இடத்தைத் தட்டினார். தலை விழுந்தால் படிப்பு, பூ விழுந்தால் கலியாணம். பூ விழுந்தது. அத்தோடு அவரும் வாயை மூடிக்கொண்டார். "என்ன செய்வது ஐயா, இரண்டும் ஒன்றாகவே வந்துவிட்டதே" என்று நம்மிடம் சொன்னார். அப்போது அவர் முகத்தில் வெட்கம் இருக்கவில்லை. ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் நம்மை இதை எழுத வைத்தது.

முதலில் "இரண்டும் ஒன்றாக வந்துவிட்டது" என்பதை எடுத்துக்கொள்ளுவோம். பூவிலே இரண்டு வழி, காசிலே இரண்டு வழி. சேர்த்துப் பார்த்தால் நாலு வழி. அந்த நாலில் இரண்டு வழியில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். மற்ற இரண்டு வழியில் மாறி வரும். அதாவது, அனந்தபுரத்தில் நூறு வீட்டில் இந்தக் கூத்தை நடத்தினால் ஏறக்குறைய ஐம்பது வீட்டில் அம்மனும் செல்போனும் ஒரே வார்த்தை பேசும். இதிலே அதிசயம் எங்கே இருக்கின்றது? மாறி வந்திருந்தால் தோழர் என்ன செய்திருப்பார்? மூன்றாவது முறை தட்டியிருப்பார். மூன்றாவது முறை எது வருகின்றதோ அதுவே முடிவு என்றிருப்பார். அவருக்கு வேண்டியது முடிவல்ல. தன்னை யாரும் குற்றம் சொல்லாதபடி ஒரு சாட்சி.

சரி, அந்தச் செல்போன் காசு எப்படி விழுகின்றது? உள்ளே காசும் கிடையாது, அதைச் சுண்டுகின்ற விரலும் கிடையாது. கணக்குத்தான் இருக்கின்றது. சந்தேகமுள்ளவர்கள் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு இப்போதே செய்து பார்க்கலாம். ஏதாவது ஓர் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 7 என்று வைப்போம். அதை 5-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டினால் 38. அதை 16-ஆல் வகுத்தால் மீதி 6. அந்த 6-ஐ அதேபோலப் பெருக்கிக் கூட்டி வகுத்தால் மீதி 1. பிறகு 8, பிறகு 11, பிறகு 10, பிறகு 5 என்று வந்துகொண்டே இருக்கும். மீதி 8-ம் அதற்கு மேலும் வந்தால் தலை, குறைந்தால் பூ என்று வைத்துக்கொண்டால், பூ, பூ, தலை, தலை, தலை, பூ என்று விழுந்துவிட்டது. பார்ப்பதற்கு உண்மைக் காசு விழுந்தது போலவே இருக்கின்றதா இல்லையா? மறுபடியும் 7-லிருந்து ஆரம்பித்தால் இம்மி பிசகாமல் அதே வரிசைதான் வரும். செல்போனுக்குள் இருப்பது இதைவிட எத்தனையோ மடங்கு பெரிய கணக்கு. ஆரம்ப எண்ணையும் கடிகாரத்தின் கணநேரத் துணுக்கிலிருந்தும் கருவிக்குள் ஏற்படும் சிறு சலனங்களிலிருந்தும் எடுத்துக்கொள்ளுகின்றது. அதனால் நம்மால் முன்கூட்டி ஊகிக்க முடிவதில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்தக் கணக்குக்கு அனந்தபுரம் தெரியாது. நர்சு படிப்பு என்றால் என்னவென்று தெரியாது. பெண்ணின் பெயரும் தெரியாது.

ஒன்றை ஒப்புக்கொள்ளுகின்றோம். ஓரவஞ்சனை இல்லாமல் விழுவதற்குச் செல்போன் காசு கைக்காசைவிட மட்டமல்ல. கெரிச் என்ற கணித ஆசிரியர் இரண்டாவது உலக யுத்தத்தின்போது டென்மார்க்கில் முகாமில் அடைபட்டுக் கிடந்தார். பொழுது போகாமல் 10,000 தடவை காசு சுண்டி எழுதி வைத்தார். 5,067 தடவை தலை விழுந்திருந்தது. 2023-ல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சியில் பல பேர் சேர்ந்து 3,50,757 தடவை சுண்டிப் பார்த்தார்கள். சுண்டும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் விழுவது நூற்றுக்குச் சுமார் 51 என்று கண்டார்கள். கைக்காசில் அவ்வளவு சிறிய சாய்வு உண்டு. ஆகவே கிரிக்கெட் ஆட்டத்தில் யார் முதலில் மட்டை பிடிப்பது, பஸ்ஸில் சன்னல் ஓரம் யார் உட்காருவது என்பதற்கெல்லாம் பிள்ளைகள் செல்போனைத் தட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு அதில் ஆட்சேபணை இல்லை. தாயக்கட்டை காணாமற் போன வீட்டில் செல்போனில் கட்டை உருட்டி ஆடினாலும் நமக்குச் சந்தோஷமே. அதிலே பணம் கட்டி ஆடுகின்ற வியாபாரம் வேறு சங்கதி. அதற்காக 2022-ல் தமிழ்நாட்டுச் சட்டசபையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் செய்ய வேண்டி வந்ததை எல்லோரும் அறிவார்கள். அதைப் பற்றித் தனியே எழுதுவோம்.

தாயம் என்றதும் ஞாபகம் வருகின்றது. நமது பெண்கள் தாயம் ஆடுகின்ற இடத்தில் போய்ப் பாருங்கள். பக்கத்துக்கு வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலு பக்கமுள்ள பித்தளைக் கட்டை இரண்டு. ஒன்றும் வெறுமையும் விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கலாம். இரண்டு கட்டையும் விழக்கூடிய வழி மொத்தம் பதினாறு. அதில் தாயத்துக்கு உள்ள வழி இரண்டே. ஆகவே எட்டுக்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுகின்ற பன்னிரண்டுக்கு இன்னும் குறைவு, பதினாறுக்கு ஒன்று. மூன்று விழுவதற்கோ நாலு வழி உண்டு. அதனால்தான் வேண்டாத நேரத்தில் மூன்று மூன்றாக விழுந்து எரிச்சல் மூட்டுகின்றது. இனி ஒரு பெண் எட்டுத் தடவை உருட்டியும் தாயம் விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருப்பவர்கள் என்ன சொல்லுகின்றார்கள்? "உனக்குச் சனி பிடித்திருக்கின்றது" என்கின்றார்கள். கணக்கு என்ன சொல்லுகின்றது என்றால், எட்டுத் தடவை உருட்டியும் தாயம் காணாதவர்கள் மூன்று பேருக்கு ஒருவர் இருந்தே தீருவர். பதினாறு தடவை உருட்டியும் காணாதவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். இத்தனை பேரையும் பிடித்து ஆட்டுவதற்குச் சனி பகவானுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கின்றோம்.

தாயம் ஆட்டத்தோடு போனால் பாதகமில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கவில்லையென்றாலும், புருஷன் செத்தாலும் அதே "சனி" என்ற வார்த்தைதான் வருகின்றது. விழுவதற்குக் காரணம் தேடாமல் விழுந்ததையே காரணமாக்கிக்கொள்ளுகின்ற புத்தி தாயக் கட்டத்தில் பழகி, வாழ்க்கைக்குள் இறங்கிவிடுகின்றது.

நிற்க, குலுக்கிப் போட்டு முடிவு செய்வதே தப்பு என்று நாம் சொல்லவில்லை. அதற்கென்று ஓர் இடம் உண்டு. தனியார் பள்ளிக்கூடங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு 25 இடம் கொடுக்க வேண்டுமென்று 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. இடத்தைவிட மனு அதிகமானால் குலுக்கல் போடுகின்றார்கள். மூன்று வயதுக் குழந்தைகளுக்குள் எவன் கெட்டிக்காரன், எவள் மக்கு என்று பார்ப்பதைவிட இது எவ்வளவோ யோக்கியமான காரியம். பரீட்சை வைத்தால் படித்தவன் பிள்ளை போகும். சிபார்சு வைத்தால் பணக்காரன் பிள்ளை போகும். குலுக்கலில்தான் கூலிக்காரன் பிள்ளைக்கும் மற்றவனுக்குள்ள அதே வாய்ப்பு இருக்கின்றது. எல்லோரும் சமம் என்று முன்னாலேயே ஒப்புக்கொண்ட இடத்தில், சம்பந்தப்பட்டவர்கள் எல்லோருடைய பெயரும் உள்ளே இருக்கும்போது, குலுக்கல் நியாயமே.

தேர்தலிலும் அப்படியே. இரண்டு பேருக்குச் சமமாக ஓட்டு விழுந்தால் சீட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்லுகின்றது. சட்டசபை, மக்களவைத் தேர்தல்களில் யார் பெயருக்குச் சீட்டு விழுகின்றதோ அவருக்கு ஓர் ஓட்டு அதிகம் விழுந்ததாக வைத்து அவரை ஜெயித்தவராக்குகின்றார்கள். ஆனால் 27-2-2024-ல் இமாசலப் பிரதேசத்தில் ராஜ்யசபைத் தேர்தல் நடந்தபோது அபிஷேக் சிங்வி, ஹர்ஷ் மகாஜன் இருவருக்கும் ஆளுக்கு 34 ஓட்டு விழுந்தது. சீட்டு எடுத்தார்கள். வந்தது சிங்வி பெயர். ஜெயித்தது யார் தெரியுமா? மகாஜன். ராஜ்யசபைத் தேர்தலுக்குள்ள விதியை அதிகாரி படித்தபடி, சீட்டில் பெயர் வந்தவர் விலக்கப்பட வேண்டியவராம்! இது சரிதானா என்று உயர் நீதிமன்றத்துக்கு வழக்கும் போயிற்று.

இதைப் படிக்கின்ற பக்தர்கள் நமக்கு ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வைக்கட்டும். சீட்டிலே தெய்வம் பேசுகின்றதென்றால், ஒரு தேர்தலில் பெயர் வந்தால் ஜெயம், மற்றொரு தேர்தலில் பெயர் வந்தால் தோல்வி என்கின்ற விதிப் புத்தகத்தைத் தெய்வம் முன்னாலேயே படித்து வைத்திருந்ததா? சீட்டுக்கு அர்த்தம் சீட்டில் இல்லை. மனிதன் எழுதி வைத்த விதியில்தான் இருக்கின்றது. அனந்தபுரத்தில் வெள்ளைக்குக் கலியாணம், சிவப்புக்குப் படிப்பு என்று அன்று காலையில் மாற்றிச் சொல்லியிருந்தால் அம்மன் அந்தப் பெண்ணை நர்சு ஆக்கியிருப்பாள்.

"நமது முன்னோர்களே குடவோலை முறையில் தேர்தல் நடத்தினார்கள், உலகத்துக்கே ஜனநாயகத்தைக் கற்றுக்கொடுத்தோம்" என்று மேடையில் பெருமை பேசுகின்றவர்கள் உண்டு. காஞ்சிபுரம் ஜில்லா உத்திரமேரூருக்குப் போய் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டு அது. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரமறியாத சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லி, வருஷ வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று கமிட்டிகளுக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு வருஷத்திற்குத்தான் பதவி. கணக்குக் காட்டாதவன் பெயரும், அவன் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்திலே விழக்கூடாது. இவையெல்லாம் மெச்சத்தக்க ஏற்பாடுகள் என்பதில் சந்தேகமில்லை. இன்றைய பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு அந்தக் கணக்கு விதியை மாத்திரமாவது வைத்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போயிற்று? அது பார்ப்பனர்களுக்கு மானியமாக விடப்பட்ட ஊர். சபையும் அவர்கள் சபை. கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குக் கீழ் வயது, வேதப் படிப்பு இத்தனையும் உள்ளவன் பெயர்தான் ஓலையில் ஏறும். ஏரி வாரியம் மேற்பார்த்த நீரைக் கொண்டு சேற்றில் இறங்கி உழுதவன் பெயர் குடத்தில் இல்லை. பெண்கள் பெயரும் இல்லை. பழைய கிரேக்க தேசத்து ஏதென்சு நகரிலும் 500 பேர் கொண்ட சபைக்கு இப்படித்தான் சீட்டுப் போட்டு ஆள் எடுத்தார்கள். அங்கும் பெண்ணும் அடிமையும் சீட்டுக்கு வெளியேதான். குடத்திற்குள்ளே கையை விடுகின்ற பிள்ளை குற்றமற்ற பிள்ளைதான். குற்றமெல்லாம் குடத்தை நிரப்பியவன் கையில்.

ஆகவேதான் குலுக்கல் என்று யார் சொன்னாலும் நாம் முதலில் கேட்பது, உள்ளே என்ன போட்டீர்கள், அதை யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்பதே. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரியபுராணத்திலேயே உதாரணமிருக்கின்றது. மதுரையில் சம்பந்தருக்கும் சமணருக்கும் எது மெய்ச் சமயம் என்று வாது. வாதம் பேசியா முடித்தார்கள்? ஏட்டை நெருப்பிலே போட்டு, எது வேகவில்லையோ அது மெய் என்றும், வைகையிலே விட்டு, எது எதிர்த்துப் போகின்றதோ அது மெய் என்றும் முடிவு கட்டினார்களாம். தோற்றவர்கள் எண்ணாயிரம் பேர் கழுவேறினார்களாம். இது நடந்ததா நடக்கவில்லையா என்பதல்ல நமது கேள்வி. ஓலை நீரோட்டத்தில் எந்தப் பக்கம் போயிற்று என்பதைக் கொண்டு எண்ணாயிரம் உயிருக்கு முடிவு சொல்லுவதைப் பக்திக் கதையாகப் படித்துச் சந்தோஷப்படுகின்றார்களே, அதைத்தான் கேட்கின்றோம். செஞ்சிக்குப் பக்கத்திலே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றைக்கும் இருக்கின்றது. அக்கதையை அவர்கள் எதிரில் உட்கார்ந்து ஒரு தடவை உரக்கப் படிக்கட்டும் பார்ப்போம்.

இனி அனந்தபுரத்திற்கு வருவோம். அன்றிரவு சாப்பாடு முடிந்த பிறகு, தோழரின் தங்கையை நாமே கூப்பிட்டு, "உனக்கு என்னம்மா இஷ்டம்?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, பத்து நாளாக இந்த வீட்டில் இதே பேச்சுத்தான். பூவைக் கேட்டார்கள், அம்மனைக் கேட்டார்கள், எங்கள் அண்ணன் போனைக்கூடக் கேட்டார். என்னை நீங்கள்தான் முதலில் கேட்கின்றீர்கள்" என்று சொல்லிற்று அந்தப் பெண். படிக்கத்தான் இஷ்டமாம். மாமன் மகன் மேல் கோபமொன்றும் இல்லையாம். ஆனால் தன் காலில் நின்ற பிறகு அதைப் பேசிக்கொள்ளலாமாம். இதைச் சொல்லும்போது தோழர் திண்ணையில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

தோழருக்குச் சில வார்த்தை சொல்ல வேண்டியவர்களாயிருக்கின்றோம். நூற்றுக்கு நூறு சரிசமமாக உள்ள இரண்டு காரியங்களுக்குத்தான் காசு சுண்டலாம். உம்முடைய தங்கை படிப்பதும் படிக்காததும் உமக்குச் சரிசமமா? நர்சு படித்தால் மாதம் என்ன சம்பளம் வரும், விடுதிக்கு என்ன செலவாகும், எங்கே கடன் கிடைக்கும், படிப்பு முடிந்த பிறகு மாமன் வீட்டார் காத்திருப்பார்களா என்று விசாரிக்க வேண்டிய விஷயம் இத்தனை இருக்கின்றன. ஒன்றையாவது நீர் விசாரித்தீரா? விசாரித்தால் தகப்பனார் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேச வேண்டும். தாய்மாமனோடு மனக்கசப்பு வரும். அந்தச் சங்கடத்திற்குப் பயந்து செல்போனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர். உமது பெற்றோர் அம்மனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அவர்களாவது அம்மனுக்குத் தெரியும் என்று மெய்யாகவே நம்பினார்கள். நீரோ செல்போனுக்கு ஒன்றும் தெரியாது என்று நன்றாய்த் தெரிந்தே அதன் பேச்சைக் கேட்டீர். உங்கள் இரு தரப்பாரில் யாருடைய குற்றம் பெரிதென்று நீரே சொல்லும்.

அப்படியே சுண்டித்தான் ஆகவேண்டுமென்றால் அதிலும் ஒரு பிரயோஜனம் உண்டு. காசு மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது, இது விழ வேண்டுமே என்று மனம் எதை வேண்டிக்கொள்ளுகின்றதோ, அதுதான் உமது இஷ்டம் என்று தெரிந்துகொண்டு, விழுந்ததைப் பார்க்காமலே காசைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இதையும் செய்ய வேண்டியவர் நீரல்ல. சுண்ட வேண்டிய விரல் அந்தப் பெண்ணின் விரல்.

1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கு ஆண்களோடு சமமாகச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தோம். அது நடந்து ஏறக்குறைய நூறு வருஷமாகப் போகின்றது. நமது கூட்டத்துக்கு நாற்காலி தூக்கிப் போடுகின்றவர் வீட்டிலேயே, பெண்ணின் சம்மதத்தைக் கேட்க ஆள் இல்லையென்றால், வெளியிலிருக்கின்றவர்களை மூடர்கள் என்று நாம் எந்த வாயால் சொல்லுவது? பிள்ளையாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செல்போனை வைப்பதற்குப் பகுத்தறிவு என்று பெயரில்லை. உள்ளே கணிதம் இருக்கின்றதே என்றால், ஜாதகத்திலும்தான் கணிதம் இருக்கின்றது. சோசியன் கூட்டுவதும் கழிப்பதும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கூட்டிக் கழித்த எண்ணுக்கும் பெண்ணின் வாழ்வுக்கும் என்ன சம்பந்தம் என்பதற்குத்தான் இரண்டு பேரிடமும் பதிலில்லை.

இதையெல்லாம் மறுநாள் காலையில் தோழரிடம் நேரிலும் சொன்னோம். கோபித்துக்கொள்ளவில்லை. "அப்பாவிடம் பேசிப் பார்க்கின்றேன் ஐயா" என்றார். பேசிப் பார்ப்பது என்பதும் பூக்கட்டிப் பார்ப்பது போலத்தான் காதில் விழுந்தது. படிப்புக்குப் பணம் கட்டக் கடைசி நாள் வருகின்ற வெள்ளிக்கிழமை என்று அந்தப் பெண் சொல்லிற்று. முதல் தவணைக்குக் குறைகின்ற தொகையைச் செஞ்சித் தோழர்கள் இரண்டு பேர் கைமாற்றாகக் கொடுப்பதற்கு ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள். விழுப்புரத்திற்குக் காலையிலேயே பஸ் இருக்கின்றது. தோழர் தங்கையை அழைத்துக்கொண்டு வியாழக்கிழமையே போவாரென்று எதிர்பார்க்கின்றோம்.